யூனிட்டுக்கு 46 டாலர்: சான் ஹோசேயில் நான் குற்றவியல் படித்த கதை

அமெரிக்காவில் கிரிமினல் ஜஸ்டிஸ் படித்தேன் என்று சொன்னால் நம் ஆட்கள் அடுத்துக் கேட்பது, "அப்போ போலீஸ் வேலைக்கா?" முதல் இரண்டு வருஷம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டு அப்புறம்தான் யூனிவர்சிட்டிக்குப் போனேன் என்று சேர்த்துச் சொன்னால் கேள்வியே நின்றுவிடும். மார்க் வரவில்லை போலிருக்கிறது, கையில் காசில்லை போலிருக்கிறது என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். காசில்லை என்பது உண்மைதான். ஆனால் எனக்கு எல்லாக் காசும் இருந்திருந்தாலும், இந்த ஒரு படிப்புக்கு அந்த முதல் இரண்டு வருஷத்தை வேறெங்கும் படித்திருக்கக் கூடாது என்றுதான் இப்போது தோன்றுகிறது.

நாங்கள் கோவில்பட்டிக்காரர்கள். அத்தை எப்போதோ போட்டு வைத்த ஸ்பான்சர் மனு, வீட்டில் எல்லோரும் பாதி மறந்துவிட்ட நேரத்தில் முறைக்கு வந்தது. அப்பா, அம்மா, நான் மூவரும் 2017-ல் சான் ஹோசே வந்து இறங்கினோம். ப்ளஸ் டூ முடித்த கையோடு வந்தவள் நான். கலிஃபோர்னியாவில் ஒரு வருஷமும் ஒரு நாளும் குடியிருந்தால்தான் மாநிலத்துக்காரர்களுக்கான கட்டணம் கிடைக்கும். வெளியாள் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. எனவே முதல் வருஷம் முழுக்க ஒரு பெரிய துணிக்கடையில் பில் போடும் வேலை பார்த்தேன். 2018 ஆகஸ்டில் காலேஜில் சேர்ந்தபோது ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர். 2012-லிருந்து அந்தத் தொகை மாறவில்லை. யூனிவர்சிட்டிக்கு மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் டிகிரிக்கு 60 யூனிட், ஆக மொத்தம் 2,760 டாலர். வருமானம் குறைந்த குடும்பமென்றால் பிராமிஸ் கிராண்ட் என்ற பெயரில் அதையும் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். எங்களுக்குத் தள்ளுபடி ஆனது. புத்தகத்துக்கும் பெட்ரோலுக்கும்தான் செலவு. கிரிமினல் லா புத்தகம் ஒன்றின் விலையைப் பார்த்து அப்பா, "இதுல ஏதாவது தங்கம் வச்சுருக்காங்களா?" என்று கேட்டார்.

இந்த மாநிலத்தில் இப்படி 116 கல்லூரிகள் இருக்கின்றன. 1960-ல் போட்ட மாஸ்டர் பிளான்படி, பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு யூசி எனப்படும் யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா, மூன்றில் ஒரு பங்குக்குள் வருபவர்களுக்கு ஸ்டேட் காலேஜ், மற்றபடி யார் வந்து கதவைத் தட்டினாலும் ஜூனியர் காலேஜ் என்று பிரித்தார்கள். அந்த ஜூனியர் காலேஜ்களுக்குத்தான் இப்போது கம்யூனிட்டி காலேஜ் என்று பெயர். சிலிக்கான் பள்ளத்தாக்குத் தமிழர்கள் இவற்றை அறியாதவர்கள் இல்லை. கூப்பர்டினோவின் டி ஆன்சா பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பையனையோ பெண்ணையோ இரண்டு வருஷம் அங்கே வைத்து, கணக்கையும் ஜாவாவையும் முடிக்கச் செய்து, யூசியில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத் தள்ளிவிடும் குறுக்குவழியாகத்தான் தெரியும். அதே வளாகத்தில் மாலை ஆறரை மணிக்கு அட்மினிஸ்ட்ரேஷன் ஆஃப் ஜஸ்டிஸ் என்றொரு வகுப்பு நடக்கிறது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் அதில் சேர்ந்தேன் என்றதும் அத்தை கேட்டது: "ஏட்டி, இதுக்கா உன்னைய அவ்வளவு தூரத்துலயிருந்து கூப்பிட்டேன்?"

சேர்ந்ததற்குக் காரணம் அந்தத் துணிக்கடைதான். கடையில் லாஸ் பிரிவென்ஷன் என்று சாதாரண உடையில் சிலர் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குத் திருட்டுப் பிடிப்பதுதான் வேலை. பிடிபட்டவர்களில் சிலரிடம் பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு, இனி இந்தக் கடைப்பக்கம் வராதே என்று அனுப்பிவிடுவார்கள். சிலருக்கு போலீஸ் வந்து டிக்கெட் எழுதிக் கொடுத்து, குறிப்பிட்ட தேதியில் கோர்ட்டுக்கு வரச் சொல்லிவிட்டுப் போகும். இன்னும் சிலரைக் கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப் போவார்கள். பொருளின் விலையை வைத்தும் இந்த வித்தியாசம் இல்லை, அழுததை வைத்தும் இல்லை. எதை வைத்து என்று பில் கவுண்டரில் நின்றபடி எனக்குப் புரிந்ததே இல்லை. சக ஊழியர்களிடம் கேட்டால் தோளைக் குலுக்குவார்கள்.

வகுப்பில் முதலில் படித்த சட்டங்களில் ஒன்று பீனல் கோடு 459. அதைப் படித்த அன்று வேலைக்குத் திரும்பியபோது கடையே வேறு மாதிரி தெரிந்தது. கலிஃபோர்னியாவில் பர்க்லரி என்பதற்குப் பூட்டை உடைக்க வேண்டியதில்லை, ராத்திரியாக இருக்க வேண்டியதில்லை. திருடும் எண்ணத்தோடு ஒரு கட்டடத்துக்குள் காலை எடுத்து வைத்தாலே போதும். அப்படிப் பார்த்தால் வாசல் திறந்திருக்கும் கடைக்குள் திருட நினைத்து நுழைந்தவரும் பர்க்லர்தான், பல வருஷம் அப்படியே வழக்குப் போட்டும் வந்தார்கள். 2014-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பிரப்போசிஷன் 47 என்ற சட்டம் வந்து, கடை திறந்திருக்கும் நேரத்தில் நுழைந்து, பொருளின் மதிப்பு 950 டாலருக்கு மேல் போகாவிட்டால் அது ஷாப்லிஃப்டிங், மிஸ்டிமீனர் என்ற சிறு குற்றம் மட்டும்தான் என்று மாற்றியது. இதற்கு நேர் எதிராக இன்னொரு கதவு திறந்திருந்தது. 1983-ல் வந்த எஸ்டெஸ் என்ற தீர்ப்பின்படி, கடையிலிருந்து பொருளை எடுத்தபோது யாரையும் தொடாவிட்டாலும், வாசலில் காவலாளி மறிக்கும்போது தப்பிக்க பலத்தையோ மிரட்டலையோ காட்டினால் அது பீனல் கோடு 211, அதாவது ராபரி என்ற கொள்ளைக் குற்றம். எஸ்டெஸ் கத்தி வீசியவர். ஆனால் அதே விதியின் கீழ், ஒரு சாதாரண தள்ளுமுள்ளு கூட முப்பது டாலர் சட்டையை ஃபெலனி என்ற பெருங்குற்றம் ஆக்கிவிடக் கூடும். முழங்கையை உதறினாயா இல்லையா என்பதை எழுதப் போவது அந்தக் காவலாளி. எப்படி எழுதினார் என்பதைப் படித்து எந்தச் சட்டப் பிரிவு என்று முடிவு செய்யப் போவது ஒரு டெபுட்டி டி.ஏ., அதாவது அரசு தரப்பு வக்கீல். பில் கவுண்டரில் எனக்குப் புரியாமலிருந்த விஷயம் இதுதான். (பிரப்போசிஷன் 47-ஐ இப்போது கொஞ்சம் பின்னால் இழுத்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் நிறைவேறிய பிரப்போசிஷன் 36-படி, முன்பே இரண்டு முறை திருட்டில் தண்டனை பெற்றவர் மறுபடி மாட்டினால் சின்னத் திருட்டையும் ஃபெலனியாக்கலாம். எங்கள் கடை மேனேஜர் நிச்சயம் இதற்கு ஓட்டுப் போட்டிருப்பார்.)

இந்த வகுப்பை நடத்தியவர் பகலெல்லாம் கோர்ட்டில் வாதாடிவிட்டு, டையைத் தளர்த்தியபடி வந்து நிற்கும் ஒரு வக்கீல். இன்வெஸ்டிகேஷன் பாடத்துக்கு ஓய்வு பெற்ற சார்ஜென்ட். கம்யூனிட்டி காலேஜில் பெரும்பாலான மாலை வகுப்புகளைப் பகுதிநேர ஆசிரியர்கள்தான் எடுக்கிறார்கள்; சம்பளம் குறைவு, தனி அறை கிடையாது, சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் கார் பார்க்கிங்கில் பிடிக்க வேண்டும். அந்த முறை நியாயமில்லை என்று எனக்கு இப்போதும் அபிப்பிராயம் உண்டு. ஆனால் மாணவர்களுக்கு அதில் ஒரு லாபம் இருந்தது. மத்தியானம் ஒரு நீதிபதி எரிந்து விழுந்ததை சாயங்காலம் எங்களிடம் சொல்ல ஆள் இருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். போலீஸ் ஆக வேண்டுமென்று பள்ளியிலிருந்தே கேடட் பயிற்சிக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பெண். கவுண்டி ஜெயிலில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் டெபுட்டி (காவலர்), வகுப்பு முடிந்ததும் நேரே வேலைக்குப் போவார். கோர்ட் கிளார்க் வேலைக்குப் பரீட்சை எழுதிக் காத்திருந்த, இரண்டு குழந்தைகளின் அம்மா. அப்புறம் முதல் வரிசையில், எந்நேரமும் கையில் மஞ்சள் ஹைலைட்டரோடு, நாற்பதைத் தாண்டிய ஒருவர். இருபதுகளிலும் முப்பதுகளிலும் பெரும்பகுதியை ஸ்டேட் பிரிசனில் கழித்துவிட்டு பரோலில் வெளியே வந்தவர். அதை மறைக்கவும் மாட்டார், சொல்லிக் காட்டவும் மாட்டார். இப்படி வெளியே வந்து படிப்பவர்களுக்காக ரைசிங் ஸ்காலர்ஸ் என்று கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் ஓர் ஏற்பாடே இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வகுப்பில் சாம்சன் வழக்கைப் படித்த மாலை நன்றாக ஞாபகம் இருக்கிறது. சான் ஹோசேக்கு வடக்கே சான் புரூனோவில் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு பரோல்காரரை, எந்தச் சந்தேகமும் இல்லாமலே, பரோலில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக போலீஸ் சோதனை போட்டது. 2006-ல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அது செல்லும் என்றது. ஆசிரியர் தீர்ப்பைச் சொல்லி முடித்ததும் கேடட் பெண், "வெளியே விடும்போதே கையெழுத்துப் போட்டுத்தானே கொடுக்கிறார்கள், அப்புறம் என்ன?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான். முதல் வரிசைக்காரர் திரும்பாமலே பதில் சொன்னார். கையெழுத்து அவருடையது, ஆனால் அவர் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அதிகாலையில் கதவைத் தட்டி அவர் அறையைச் சோதிக்கும்போது அந்த வீட்டுக் குழந்தைகளும் எழுந்து நிற்கும். அதனால்தான் அக்கா வீட்டைவிட்டுத் தனி அறை பார்த்துப் போனாராம். வாடகை கட்டுவதற்காக இரண்டாவது வேலை. ஜெயில் டெபுட்டி அதன்பின் மெதுவாக, அதே மாதிரிச் சோதனையில்தான் தன் நண்பர் ஒருவர் துப்பாக்கி எடுத்தார், எடுக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது என்றார். யாரும் யாரையும் மடக்கவில்லை. அடுத்த வாரமும் அவர்கள் பக்கத்துப் பக்கத்து வரிசையில்தான் உட்கார்ந்தார்கள், ஒரே குரூப் ப்ராஜெக்டில் இருந்தார்கள். சட்டப் புத்தகத்தில் சாம்சன் வழக்கு ஒன்றரைப் பக்கம்.

இந்தப் படிப்புக்கு இப்படிப் பலதரப்பட்ட ஆட்கள் வந்து சேர்வது தற்செயல் இல்லை. இது பிறந்ததே போலீஸ்காரர்களுக்காகத்தான், அதுவும் எங்கள் பகுதியில். பெர்க்லியின் முதல் போலீஸ் தலைவர் ஆகஸ்ட் வால்மர் கல்லூரியில் படித்தவர் இல்லை. ஆனால் போலீஸ் படித்திருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். 1908-லேயே தன் ஆட்களுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். 1921-ல் அவருடைய ஸ்டேஷனில் வேலை பார்த்த ஜான் லார்சன்தான் பாலிகிராஃப் கருவியைச் செய்தவர். வால்மரின் ஊக்கத்தில் 1930-ல் சான் ஹோசே ஸ்டேட்டில் போலீஸ் பயிற்சியை ஒரு கல்லூரிப் படிப்பாகவே தொடங்கினார்கள். தொடங்கியது இரண்டு வருஷப் படிப்பாக. ஆக, இந்தத் துறைக்கு இரண்டு வருஷப் படிப்பு ஒட்டுத் திண்ணை இல்லை. வீட்டை அங்கிருந்துதான் கட்ட ஆரம்பித்தார்கள். பின்னால் ஜனாதிபதி ஜான்சன் அமைத்த குற்றவியல் கமிஷன், 1967-ல் போலீஸார் எல்லோரும் காலப்போக்கில் பட்டதாரிகளாக வேண்டும் என்று பரிந்துரை செய்தது. அடுத்த வருஷமே வந்த சட்டத்தில் போலீஸ்காரர்கள் படிக்கக் கடனும் உதவித்தொகையும் ஒதுக்கினார்கள். வேலையில் நீடித்தால் கடன் தள்ளுபடி. அந்தப் பணத்தைப் பார்த்துத்தான் நாடு முழுக்கக் கல்லூரிகளில் இந்தத் துறை மளமளவென்று முளைத்தது. பட்டம் கட்டாயம் என்பது மட்டும் இன்றுவரை வரவில்லை. கலிஃபோர்னியாவில் போலீஸ் ஆக இப்போதும் பள்ளிப் படிப்பு போதும். 2022-லிருந்து வயது மட்டும் 21 ஆக வேண்டும். பேசிக் அகாடமிக்கு மாநிலம் விதித்திருக்கும் குறைந்தபட்சப் பயிற்சி 664 மணி நேரம்.

கோர்ட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும் என்று ஒரு வீட்டுப்பாடம். ஹெட்டிங் தெருவில் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ். யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை; வாசலில் பையைச் சோதித்துவிட்டு விட்டுவிட்டார்கள். கோவில்பட்டியில் கோர்ட் பக்கம் போவதென்றாலே வீட்டில் ஏதோ கெட்டது நடந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே சும்மா பார்க்கப் போகிறேன் என்றதும் அம்மா, "வேற எங்கயும் எடம் இல்லையா?" என்றாள். குற்றச்சாட்டை முதன்முதலில் சொல்லும் அரெயின்மென்ட் நடக்கும் அறையில் ஒரு காலைப் பொழுது. காவலில் இருப்பவர்கள் ஒருபுறம், வெளியே ஜாமீனில் இருப்பவர்கள் எங்களோடு பெஞ்சில். பப்ளிக் டிஃபெண்டர், அதாவது வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசு தரும் வக்கீல், கை நிறைய ஃபைலோடு ஒவ்வொருவராகப் போய், சற்றுமுன்தான் பெயர் தெரிந்த ஆளிடம் காதோடு பேசுகிறார். பெயர், குற்றம், அடுத்த தேதி. ஒரு வழக்குக்குச் சில நிமிஷம். பாதிப் பேருக்குக் கிடைத்தது வாய்தா. நம் ஊர் கோர்ட்டிலும் அதேதான் என்பதால் அந்த ஒன்று மட்டும் எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

நான் எதிர்பார்த்துப் போனது விசாரணை. சாட்சிக் கூண்டு, குறுக்கு விசாரணை, ஜூரி. ஆசிரியர் முன்பே சிரித்துக்கொண்டே எச்சரித்திருந்தார், அதைப் பார்க்க அதிர்ஷ்டம் வேண்டும் என்று. 2012-ல் மிசூரி எதிர் ஃப்ரை வழக்கில் உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது: ஃபெடரல் தண்டனைகளில் 97 சதவீதமும் மாநிலங்களின் தண்டனைகளில் 94 சதவீதமும் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் வந்தவை. அப்படியானால் வழக்கு எங்கே முடிகிறது? டி.ஏ.வும் டிஃபெண்டரும் நடைபாதையில் நின்று பேசும் இடத்தில். காவலில் இருப்பவர், ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம், வாதாடினால் வாரக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று யோசிக்க வகுப்பு தேவையில்லை. ஆனால் முதல் வரிசைக்காரர் தான் முதல்முறை ஒப்புக்கொண்டது அப்படித்தான் என்று சொன்னபோது, செய்ததைத்தான் ஒப்புக்கொண்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவர் கதையை வைத்து யாரும் சுலபமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்பதில் அவருக்கே அக்கறை அதிகம்.

2020 கோடையில் எல்லாம் ஜூமுக்குப் போயிருந்தது. மே 25-ல் மினியாபொலிஸில் போலீஸ் பிடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தார். அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் சாத்தான்குளம். ஊரடங்கு நேரத்தைத் தாண்டி மொபைல் கடையைத் திறந்து வைத்திருந்ததாக ஜூன் 19-ல் போலீஸ் கொண்டு போய் அடித்த ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டியில் இறந்தார்கள். கோவில்பட்டி கிளைச் சிறைக்குத்தான் அவர்களை அனுப்பியிருந்தார்கள். எங்கள் பழைய வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. வாட்ஸ்அப் முழுக்க அதுதான். காவலில் வைத்து விசாரிக்கும் முன் உரிமைகளைச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்ற மிராண்டா தீர்ப்பை வகுப்பில் திரும்பப் படித்துக்கொண்டிருந்த நேரம். நான் சொன்ன ஒரு விஷயம் அங்கே எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. இந்தியாவில் போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லவே செல்லாது, 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 25-ஆவது பிரிவிலிருந்தே அப்படித்தான். (புதிய சட்டத்தில் இப்போது 23-ஆவது பிரிவு.) அமெரிக்காவில் எச்சரித்துவிட்டுக் கேட்டால் செல்லும். ஏட்டில் பார்த்தால் நம் சட்டம் கண்டிப்பானது. ஜெயில் டெபுட்டி கேட்டார், "அப்படியென்றால் எதற்கு அடிக்கிறார்கள்?" எனக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். வாக்குமூலம் செல்லாவிட்டாலும் அதன் வழியாகக் கண்டுபிடித்த பொருள் செல்லும். அதைவிட முக்கியமாக, அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் நடந்தது எந்த வழக்கையும் துப்புத் துலக்க நடந்தது இல்லை. ரிமாண்டுக்கு அழைத்துப் போன இடத்தில் மாஜிஸ்திரேட் அவர்களைச் சரியாகப் பார்த்தாரா என்ற கேள்வி ஊரில் எழுந்தது. அந்த ஸ்டேஷனில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் நடந்ததைச் சாட்சியமாகச் சொல்ல முன்வந்தார். ஒரு கதவில் நின்றவர் பார்த்தாரா என்பது கேள்வி, இன்னொரு கதவில் நின்றவர் பார்த்ததைச் சொன்னார். ஹெட்டிங் தெருவில் நான் எழுதிய வீட்டுப்பாடத்துக்கும் இதற்கும் நடுவில் எனக்கு அதிக தூரம் தெரியவில்லை.

அந்த இலையுதிர்காலத்துத் தேர்தலில் பரோலில் இருப்பவர்களுக்கு ஓட்டுரிமை தரும் பிரப்போசிஷன் 17 நிறைவேறியது. அதே வாக்குச்சீட்டில் பண ஜாமீனை ஒழிக்கும் சட்டம் தோற்றது. முதல் வரிசைக்காரர் ஜூமில் ஹைலைட்டரைத் தூக்கிக் காட்டினார், முதல் செய்திக்கா, இரண்டாவதற்கா என்று ஆசிரியர் கேட்டதற்கு, "முதலாவதுக்கு. இரண்டாவதைப் பற்றி அடுத்த தடவை ஓட்டுப் போட்டுக் காட்டுகிறேன்" என்றார்.

டிரான்ஸ்ஃபர் விஷயத்துக்கு வருகிறேன். 2010-ல் வந்த எஸ்.பி. 1440 என்ற சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே வகுத்த அசோசியேட் டிகிரியை (கம்யூனிட்டி காலேஜின் இரண்டு வருஷப் பட்டம்) முடித்தால் கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் ஏதாவதொரு வளாகத்தில் இடம் உறுதி. உள்ளே போனபின் இன்னொரு 60 யூனிட்டில் பட்டத்தை முடிக்க வழி செய்ய வேண்டும். இந்த டிகிரிக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு டி ஒட்டியிருக்கும். பல கல்லூரிகளில் அதே துறையில் டி இல்லாத இன்னொரு டிகிரியும் இருக்கும், நேரே வேலைக்குப் போகிறவர்களுக்காக. பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் வகுப்பிலேயே ஒருவர், படிப்பு ஆலோசகரான கவுன்சிலர் எழுதிக் கொடுத்த தாளை நம்பி, அகாடமி சம்பந்தப்பட்ட பாடங்களாக எடுத்துக் குவித்துவிட்டு, அவற்றில் பாதி யூனிவர்சிட்டியில் மேஜருக்குக் கணக்கில் வராது என்று கடைசியில் தெரிந்துகொண்டார். அழகாகப் படித்தவர். ஒரு வருஷம் போனது. ஒரு கவுன்சிலருக்கு எத்தனையோ நூறு மாணவர்கள், அரை மணி நேரச் சந்திப்புக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அங்கேயும் பப்ளிக் டிஃபெண்டர் கதைதான். அதனால் அசிஸ்ட் என்ற அரசு இணையதளத்தைத் தானே திறந்து, எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த யூனிவர்சிட்டியில் எதற்கு ஈடு என்று பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பேச்சு, எழுத்து, தர்க்கம், கணக்கு என்று நான்கு பாடங்களைக் கோல்டன் ஃபோர் என்பார்கள். அவை இல்லாமல் கால் ஸ்டேட் உள்ளே விடாது. கணக்குக்கு நான் புள்ளியியல் எடுத்தேன். நல்லவேளை, 2017-ல் வந்த ஏ.பி. 705 சட்டத்தால், நுழைவுச் சோதனையைக் காரணம் காட்டி அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் மாணவர்களை வருஷக்கணக்கில் அடைத்து வைப்பது நின்றுகொண்டிருந்தது. 2025-லிருந்து பொதுப் பாடங்களுக்கு யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் கால்-ஜெட்சி என்று ஒரே பட்டியல் ஆகிவிட்டதால் இப்போது சேர்பவர்களுக்குத் தலைவலி கொஞ்சம் குறைவு.

வேலை பார்த்துக்கொண்டே படித்ததில் இரண்டு வருஷப் படிப்புக்கு மூன்று வருஷம் ஆகி, 2021-ல் சான் ஹோசே ஸ்டேட்டுக்குப் போனேன். அங்கே துறையின் பெயர் ஜஸ்டிஸ் ஸ்டடீஸ். வால்மர் காலத்து போலீஸ் பள்ளியின் வாரிசு, ஆனால் இப்போது ஆள் வேறு மாதிரி. ஸதர்லாண்டு, ஹிர்ஷி என்று குற்றவியல் அறிஞர்களின் கோட்பாடுகள்; ஆராய்ச்சி முறை; நிறைய வாசிப்பு. எனக்குப் பிடித்திருந்தது. போலீஸில் பதிவான குற்றக் கணக்குக்கும், 1973-லிருந்து வீடு வீடாகக் கேட்டு எடுக்கும் பாதிக்கப்பட்டோர் கணக்கெடுப்புக்கும் ஏன் அவ்வளவு இடைவெளி என்று படித்தபோது, துணிக்கடை வாசலில் 'இனி வராதே' என்று அனுப்பப்பட்டவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை என்பது உறைத்தது. அவர்கள் கடைகளில் திருடியவர்கள் என்பதால் வீட்டுக் கணக்கெடுப்பிலும் வர மாட்டார்கள்.

வளாகத்திலிருந்து சில தெரு தள்ளி செயின்ட் ஜேம்ஸ் பூங்கா. 1933 நவம்பர் 26-ல், புரூக் ஹார்ட் என்ற இளைஞரைக் கடத்திக் கொன்றதாகப் பிடிபட்ட இருவரை ஒரு கூட்டம் ஜெயிலை உடைத்து இழுத்து வந்து இந்தப் பூங்கா மரங்களில் தூக்கிலிட்டது. கவர்னர் ரால்ஃப் அதைப் பாராட்டினார். போலீஸ் படிப்பு தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்த ஊர் அது. அதே சான் ஹோசேயில்தான், ஐந்து குழந்தைகளைத் தனியே வளர்த்துக்கொண்டிருந்த கிளாரா ஃபோல்ட்ஸ், பெண்களும் வக்கீலாகலாம் என்று சட்டத்தை மாற்ற வைத்து 1878-ல் கலிஃபோர்னியாவின் முதல் பெண் வக்கீலானார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கும் அரசு செலவில் வக்கீல் வேண்டும் என்று 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பேசியவரும் அவர்தான். லாஸ் ஏஞ்சலஸில் நாட்டின் முதல் பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகம் திறந்தது 1914-ல். நான் ஹெட்டிங் தெருவில் பார்த்த அந்த ஃபைல் கட்டு மனிதருக்கு இவர்தான் மூதாதை.

யூனிவர்சிட்டி வகுப்புகளில் எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான். நேரே பள்ளியிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர், கெட்டிக்காரர்கள், வலுவான கருத்து உள்ளவர்கள். போலீஸ் என்றால் இப்படி, கைதி என்றால் இப்படி என்று பேசுவார்கள். மறுத்துச் சொல்ல அந்த அறையில் பெரும்பாலும் போலீஸும் இருக்க மாட்டார், கைதியும் இருக்க மாட்டார். டிரான்ஸ்ஃபராகி வந்த நாங்கள் சிலர் மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசுவோம், ஏனென்றால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மனதுக்குள் யாராவது ஒருவர் கையைத் தூக்குவார். வெளியே வந்தவர்கள் யூனிவர்சிட்டியை எட்டிப் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆயுதக் கொள்ளைக்காக ஐந்து வருஷம் சோலேடாட் சிறையில் இருந்த ஜான் இர்வின் பின்னாளில் சமூகவியல் பேராசிரியராகி, 1967-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் பிராஜெக்ட் ரீபவுண்ட் தொடங்கினார். இன்று பல கால் ஸ்டேட் வளாகங்களில் அது நடக்கிறது. எங்கள் முதல் வரிசைக்காரர் அதன் வழியாகத்தான் ஒரு வளாகத்தில் சேர்ந்தார். கேடட் பெண் அகாடமி முடித்து பேட்ரோலில் இருக்கிறாள். கோர்ட் கிளார்க் அம்மாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

நான் இப்போது ஒரு சட்ட உதவி அமைப்பில் வேலை பார்க்கிறேன். பழைய தண்டனைகளைப் பீனல் கோடு 1203.4-ன் கீழ் தள்ளுபடி செய்ய மனு எழுதுவது வேலை. புரொபேஷன் என்ற கண்காணிப்புக் காலத்தை ஒழுங்காக முடித்தவர்களுக்குத்தான் அது. மனு போடாமலே தானாகச் சில வழக்குகளுக்கு நிவாரணம் கிடைக்கும்படி சட்டங்கள் வந்துவிட்டாலும், வேலைக்குப் போகும் இடத்தில் பின்னணிச் சோதனையில் மாட்டிக்கொண்டு எங்களிடம் வருபவர்கள் குறையவில்லை. அதிகம் வருவது சின்னத் திருட்டு வழக்குகள். போலீஸ் ரிப்போர்ட்டில் காவலாளியின் வாக்கியம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.

போன மாதம் ஃப்ரீமான்டிலிருந்து ஒரு சித்தி ஃபோன் செய்தார். அவர் மகன் இந்தப் படிப்புதான் வேண்டும் என்று நிற்கிறானாம். டி ஒட்டிய டிகிரியா என்று பார்க்கச் சொன்னேன், அசிஸ்டைத் திறக்கச் சொன்னேன், நவம்பர் கடைசிக்குள் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போக வேண்டும் என்றேன், மாலை வகுப்பாகவே எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். ஏன் மாலை என்று கேட்டார். பகலில் வேலை பார்ப்பவர்கள் வருவது அப்போதுதான் என்று சொல்லி, யார் யார் வருவார்கள் என்பதையும் சொன்னேன்.

"ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவங்களுமா?"

"ஆமா சித்தி."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ராத்திரி வகுப்புன்னா பார்க்கிங் பெர்மிட் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார்.